பேர் சொல்லிப் பார்ப்போம்: தலையில் கோடு, உச்சியில் புள்ளி… இந்தப் பெயரை எப்படிப் படிப்பது?

போன வாரம் தஞ்சாவூரில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோர். எனக்கு முன்னால் கல்லூரி ஐ.டி. கார்டு தொங்க ஒரு பெண், கூடவே அவள் தோழி.

“அண்ணா, அந்த ஷாம்பு வேணும்.”

“எந்த ஷாம்பும்மா?”

“அதோ, ரெண்டாவது தட்டுல இருக்கே…”

“பேரைச் சொல்லும்மா, எடுத்துத் தர்றேன்.”

அவள் பேரைச் சொல்லவில்லை. விரலை நீட்டினாள். கடைக்காரர் “இதுவா? இதுவா?” என்று மூன்று பாட்டில்களைத் தொட்டுவிட்டு நாலாவதாகத்தான் சரியானதை எடுத்தார். லோரியல் ஷாம்பு. வெளியே வந்ததும் தோழி கேட்டாள்: “ஏன்டி, பேரு தெரியாதா உனக்கு?”

“தெரியும்டி. ஆனா அந்த எழுத்து மேல ஒரு கோடு இருக்குல்ல… தப்பா சொன்னா சிரிப்பாங்க.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டிப்ளமோ படித்தபோது குரல் பயிற்சி வகுப்பில் ஒரு விளம்பர வாசகத்தை வாசிக்கச் சொன்னார்கள். நான் கணீரென்று ‘நெஸ்ட்லி’ என்று படித்தேன். வகுப்பே சிரித்தது. அதற்கப்புறம் ரொம்ப நாளைக்கு, வாசிக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டால் நான் குனிந்து பேனா மூடியைத் தேட ஆரம்பித்துவிடுவேன்.

எனவே இந்த வாரம் அந்தக் கோடுகளையும் புள்ளிகளையும் பார்த்துவிடலாம். அவை அழகுக்காகப் போட்டவை இல்லை. ‘க’ மேல் ஒரு புள்ளி வைத்தால் ‘க்’ ஆகிறது. அந்தப் புள்ளியை நாம் அலங்காரம் என்றா நினைக்கிறோம்? அதே வேலையைத்தான் அந்தக் கோடுகளும் செய்கின்றன. எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்கிற குறிப்பு, அவ்வளவுதான்.

வலது பக்கம் ஏறும் கோடு: ‘ஏ’ என்று படி!

நாம் அதிகம் பார்ப்பது இதைத்தான். இ-மெயிலில் வரும் ஆங்கில ‘இ’ எழுத்தின் தலையில், வலது பக்கமாக மேலே ஏறும் சின்னக் கோடு. பிரெஞ்சு மொழியின் குறி. அதைப் பார்த்தால் கிட்டத்தட்ட நம் ‘ஏ’ போலப் படிக்க வேண்டும். சொல்லின் கடைசியில் வெறும் ‘இ’ வந்தால் பிரெஞ்சுக்காரர்கள் பெரும்பாலும் அதை ஒலிக்க மாட்டார்கள். கோடு இருந்தால் கட்டாயம் ஒலிப்பார்கள்.

நெஸ்லேயை எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனர் ஹென்றி நெஸ்லே, 1814-ல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் பிறந்தவர். அப்போது அவர் பெயர் ஹைன்ரிஷ் நெஸ்ட்லே. தலையில் கோடு கிடையாது. அவர்கள் வட்டார வழக்கில் அதற்குச் ‘சின்னக் கூடு’ என்று அர்த்தம். லோகோவில் பறவைக் கூடு இருப்பது அதனால்தான். பிழைப்பு தேடி சுவிட்சர்லாந்தில் பிரெஞ்சு பேசும் வெவே ஊருக்குப் போனவர், பெயரையும் அந்த ஊருக்குத் தகுந்தாற்போல் மாற்றிக்கொண்டார். கோடு வந்து உட்கார்ந்தது அப்போதுதான். கோடு இல்லாவிட்டால் பிரெஞ்சுக்காரர்கள் வாயில் கடைசி ‘ஏ’ காணாமல் போயிருக்கும். நடுவில் இருக்கும் ‘ட்’ அவர்கள் வாயில் ஒலிப்பதில்லை. ஆக, ‘நெஸ்லே’.

இன்னொரு ஆறுதல். இங்கிலாந்துக்காரர்களே பல காலம் இதை ‘நெஸல்ஸ்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ‘நெஸ்ட்லி’ சொன்ன நான் தனி ஆள் இல்லை!

1938-ல் வந்த நெஸ்கஃபே, நெஸ்லேயும் கஃபேயும் சேர்ந்த பெயர். இந்தக் ‘கஃபே’யைக் கொஞ்சம் கவனியுங்கள். கும்பகோணமோ மன்னார்குடியோ, பழைய ஹோட்டல் போர்டுகளில் ‘கபே’ என்று தமிழில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதும்போது கோடு போடுவதில்லை. ஆனால் தமிழில் ‘ஏ’ ஒலி பத்திரமாக இருக்கிறது. நம் பெரியவர்கள் யாரும் அதைக் ‘கேஃப்’ என்று படித்ததில்லை. டிபன் சாப்பிடப் போன எல்லாருக்கும் அந்த பிரெஞ்சுக் கோட்டின் உச்சரிப்பு ஏற்கெனவே தெரிந்திருந்தது!

பக்கத்திலேயே இன்னொரு சாட்சி. காரைக்காலும் பாண்டிச்சேரியும் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர்கள். பிரெஞ்சில் பாண்டிச்சேரி என்று எழுதும்போது ‘சே’ வரும் இடத்தில் இதே கோட்டைப் போடுவார்கள். ‘சேரி’யின் ‘சே’ கெடாமல் இருக்கத்தான்.

இப்போது அந்த ஷாம்பு பாட்டிலுக்கு வாருங்கள். அதன் பெயரிலும் ‘ர’ ஒலிக்கு அடுத்து அதே கோடுதான். பிரெஞ்சுப்படி ‘லோ-ரே-ஆல்’. நம் ஊரில் ‘லோரியல்’ என்பதே பழகிவிட்டது. இரண்டில் எதைச் சொன்னாலும் கடைக்காரர் எடுத்துத் தருவார்.

இடது பக்கம் ஏறும் கோடு: ‘எ’

அதே ‘இ’ எழுத்தின் மேல் கோடு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தால் வாயைக் கொஞ்சம் அகலமாகத் திறந்து ‘எ’ என்று சொல்ல வேண்டும். பட்டு ஸ்கார்ஃபுக்கும் கைப்பைக்கும் பேர்போன பிரெஞ்சு நிறுவனம் ‘எர்மெஸ்’ இதற்கு உதாரணம். எழுத்தில் முதலில் ‘ஹெச்’ இருக்கும், ஒலிக்காது. ‘ஹெர்மிஸ்’ என்று சொன்னால் கிரேக்கக் கடவுளின் பெயராகிவிடும்.

இரட்டைப் புள்ளி: ஒரே குறி, இரண்டு வேலை

இங்கேதான் பலரும் சறுக்குகிறோம். எழுத்தின் தலையில் இரண்டு புள்ளிகள் இருந்தால், அது பிரெஞ்சுப் பெயரா ஜெர்மன் பெயரா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பிரெஞ்சில் இரட்டைப் புள்ளி என்றால் ‘முன்னெழுத்தோடு ஒட்டாதே, பிரித்துப் படி’ என்று அர்த்தம். திருவள்ளூரில் தயாராகும் சித்ரோயென் கார் அப்படித்தான். பலரும் ‘சிட்ரன்’ என்கிறோம். புள்ளிகள் சொல்வது ‘சித்ரோ – என்’. இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு பழக்கடை இருக்கிறது. 1919-ல் கார் செய்ய ஆரம்பித்த ஆந்த்ரே சித்ரோயெனின் முன்னோர் ஹாலந்தில் பழ வியாபாரிகள். ‘எலுமிச்சைக்காரர்’ என்று அர்த்தம் வரும் ஒரு பெயர் அந்தக் குடும்பத்துக்கு இருந்தது. அதுதான் பிறகு சித்ரோயென் ஆனது. பாரீஸுக்கு வந்த பிறகு புள்ளிகள் சேர்ந்தன.

இதே வரிசையில் ஒரகடத்தில் தயாராகும் ரெனோ காரும் உண்டு. அதில் கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. ஆனால் கடைசியில் இருக்கும் ‘எல்’, ‘டி’ இரண்டும் ஒலிக்காது. ‘ரெனால்ட்’ இல்லை, ‘ரெனோ’. குறி இல்லாத பெயர் குறி இருக்கும் பெயரைவிட நம்மைத் திண்டாட வைக்கும் என்பதற்கு இதுவே சாட்சி.

ஜெர்மனில் இரட்டைப் புள்ளி வந்தால் எழுத்தின் ஒலியே மாறிவிடும். ‘அ’ ஒலி ‘எ’ அல்லது ‘ஏ’ ஆகும். ‘ஓ’ எழுத்தின் மேல் வந்தால், ‘ஏ’ என்று சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் ‘ஓ’ மாதிரி குவியுங்கள். ‘யூ’ எழுத்தின் மேல் வந்தால், ‘ஈ’ என்று சொல்லிக்கொண்டே உதட்டைக் குவியுங்கள். கண்ணாடி முன்னால் நின்று செய்து பாருங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் நல்ல பொழுதுபோக்கு.

இந்தப் புள்ளிகளை நம் டெல்டாவுக்குக் கொண்டுவந்தவர்களும் உண்டு. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய இரண்டு ஜெர்மானியப் பாதிரியார்கள் சீகன்பால்குவும் புளூட்சாவும். முதலாமவரின் முதற்பெயரான பர்த்தலோமேயுஸில் ‘மே’ வரும் இடத்தில் இரட்டைப் புள்ளி. இரண்டாமவர் பெயரில் ‘ளூ’ வரும் இடத்தில் இரட்டைப் புள்ளி. தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டுக் கொடுத்த சீகன்பால்குவின் பெயர் ஜெர்மனில் ‘ட்ஸீகன்பால்க்’ என்று ஒலிக்கும். தமிழர்கள் ‘ட்ஸீ’யைச் ‘சீ’ ஆக்கி, கடைசியில் ஒரு ‘உ’ சேர்த்துக்கொண்டார்கள். முந்நூறு வருடமாக அவர் இங்கே சீகன்பால்குதான்.

தரங்கம்பாடி என்றதும் ஒரு ஐஸ்கிரீம் கதை ஞாபகம் வருகிறது. 1620-ல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போகும்வரை 225 ஆண்டுகள் இருந்தார்கள். இப்போது ‘ஹாகன் டாஸ்’ என்று ஒரு விலை உயர்ந்த ஐஸ்கிரீம். பெயரைப் பார்த்தால் டென்மார்க் சரக்கு மாதிரியே இருக்கும். முதல் ‘ஏ’ எழுத்தின் மேல் இரட்டைப் புள்ளியும் உண்டு. ஆனால் அது 1960 வாக்கில் நியூயார்க்கில் ரூபன் மேட்டஸ், ரோஸ் மேட்டஸ் தம்பதி உட்கார்ந்து யோசித்துக் கட்டிய பெயர். எந்த மொழியிலும் அதற்கு அர்த்தம் கிடையாது. டேனிஷ் மொழியில் அந்தப் புள்ளி வைத்த எழுத்தே கிடையாது! இங்கே மட்டும் அந்தப் புள்ளி வெறும் அலங்காரம். அதைச் சரியாக எப்படிச் சொல்வது என்று யாராவது உங்களை மடக்கினால் கவலைப்படவே வேண்டாம்.

எஸ் தலையில் குட்டி ‘வி’: ‘ஷ்’

நாம் ‘ஸ்கோடா’ என்று சொல்லும் காரின் முதல் எழுத்தின் மேல் குட்டி ‘வி’ போல ஒன்று இருக்கும். செக் மொழியில் அது ‘ஸ்’ ஒலியை ‘ஷ்’ ஆக்கும். அவர்கள் ஊரில் அது ‘ஷ்கோடா’. எமில் ஷ்கோடா என்ற தொழிலதிபரின் குடும்பப் பெயர். செக் மொழியில் அந்தச் சொல்லுக்கு ‘சேதம்’, ‘அடடா, பாவம்’ என்றெல்லாம் பொருள். கார் விற்கிறவர்கள் தேடிப்பிடித்து வைக்கிற பெயரா அது? குடும்பப் பெயர், அதனால் ஒட்டிக்கொண்டது.

அலையும் மேல்கோடும்: நம்ம தஞ்சாவூரிலேயே இருக்கு

பீட்சா கடை மெனுவில் ‘ஹாலபென்யோ’ மிளகாய் பார்த்திருப்பீர்கள். ‘என்’ எழுத்தின் மேல் ஒரு சின்ன அலை நெளியும். ‘ஜலபினோ’ என்போம். ஸ்பானிஷ் மொழியில் அந்த அலை போட்ட எழுத்து நம் ‘ஞ’. தமிழில் ‘ஹாலபேஞோ’ என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. இங்கிலீஷ்காரர்களுக்கு இல்லாத எழுத்து நம் கையில் இருக்கிறது.

இந்த ‘ஞ’ யாருடைய எழுத்து? ‘தஞ்சாவூர்’ என்று சொல்லிப் பாருங்கள். வெளிநாட்டு நூலகப் பட்டியல்களிலும் ஆராய்ச்சிப் புத்தகங்களிலும் நம் ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது மூன்று குறிகள் போடுவார்கள். ‘ஞ்’ வருகிற இடத்தில் அதே ஸ்பானிஷ் அலை. ‘சா’வுக்கும் ‘வூ’வுக்கும் எழுத்தின் தலையில் படுத்திருக்கும் ஒரு கோடு. படுத்த கோடு என்றால் நெடில்.

அந்தப் படுத்த கோட்டை டெய்ரி மில்க் உறையின் பின்பக்கத்திலும் பார்க்கலாம். கேட்பரியின் தாய் நிறுவனம் 2012-ல் வைத்துக்கொண்ட பெயரில் இரண்டாவது ‘இ’ எழுத்தின் மேல் அந்தக் கோடு இருக்கும். ஆங்கில வழக்கில் அந்த எழுத்தின் நெடில் ‘ஈ’. அதனால் அது ‘மாண்டலீஸ்’. நம் ஆராய்ச்சிப் புத்தகங்களில் அதே எழுத்தின் மேல் அதே கோடு வந்தால் ‘ஏ’ என்று படிக்க வேண்டும். குறி எந்த ஊருக்காக வேலை செய்கிறது என்று பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஏலாக்குறிச்சியின் ‘ஏ’

வெளிநாட்டு எழுத்துக்குத்தான் இந்தத் தொல்லை, நமக்கில்லை என்று நினைக்கிறீர்களா? தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வழியாகப் போய்க் கொள்ளிடத்தைத் தாண்டினால் திருமானூர் பக்கத்தில் ஏலாக்குறிச்சி. அடைக்கல மாதா கோயில் இருக்கும் ஊர். வீரமாமுனிவர் தங்கி எழுதிய ஊர்.

அவர் காலத்துக்கு முன் தமிழில் ‘எ’வுக்கும் ‘ஏ’வுக்கும் தனித்தனி வடிவம் கிடையாது. ஒரே எழுத்துதான். தலையில் புள்ளி வைத்தால் குறில், புள்ளி இல்லாவிட்டால் நெடில். ‘ஒ’, ‘ஓ’வுக்கும் அதே கதை. தொல்காப்பியம் காலத்திலிருந்து இதுதான் விதி. ஆனால் ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பலரும் புள்ளியை விட்டுவிடுவார்கள். படிக்கிறவர்தான் அது ‘எரி’யா ‘ஏரி’யா என்று இடம் பார்த்து ஊகிக்க வேண்டும். ஏரி வெட்டச் சொன்னார்களா, எரிக்கச் சொன்னார்களா! ‘ஏ’வுக்குக் காலில் ஒரு கோடு இழுத்தும், ‘ஓ’வுக்குக் கீழே சுழித்தும், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு என்று பிரித்தும் இந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் வீரமாமுனிவர் என்று எழுத்து வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

1680-ல் இத்தாலியில் பிறந்தவர் அவர். குடும்பப் பெயரை ஆங்கிலப் பழக்கத்தில் படித்தால் ‘பெஷி’ என்றுகூடப் படிக்கலாம். இத்தாலிய முறைப்படி ‘பெஸ்கி’. தமிழ்ப் பாடநூல்களில் சரியாகப் ‘பெஸ்கி’ என்றே இருக்கிறது. அவரும் தன் பெயரைச் சொல்லச் சொல்லி ஊர்க்காரர்களைப் படுத்தவில்லை. முதலில் தைரியநாதர் என்று வைத்துக்கொண்டார், பிறகு வீரமாமுனிவர் ஆனார்.

நம்ம பேரை அவங்க எப்படிச் சொன்னாங்க?

ஆங்கிலேயர் வாயில் தஞ்சாவூர் ‘டாஞ்சூர்’ ஆனது. சீர்காழி ‘ஷியாலி’. நாகப்பட்டினம் ‘நெகபட்டம்’. கொள்ளிடம் ‘கோல்ரூன்’. இந்தப் பெயர்கள்தான் அரசாங்கப் பதிவுகளிலும் வரைபடங்களிலும் ஏறின.

இன்றைக்கும் ‘ழ’வுக்கு ஆங்கிலத்தில் ‘இசட்’, ‘ஹெச்’ இரண்டையும் சேர்த்து எழுதுகிறோம். நமக்கு அது ‘ழ’. வடக்கேயிருந்து வரும் ஒருவருக்கு அது ‘ஜ’. ‘சீர்காஜி’, ‘கீஜ்வேலூர்’ என்று படிப்பார். பாவம், அவர் மேல் தப்பில்லை. நாம் கொடுத்த குறிப்பு அவருக்குப் புரியவில்லை.

2020-ல் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களை, தமிழில் ஒலிக்கிற மாதிரியே ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று ஒரு அரசாணையை ஜூனில் வெளியிட்டது. எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி எழுதியதில் பெயர்கள் ரயில் மாதிரி நீண்டன. விமர்சனம் கிளம்பியதும் அதே மாதத்தில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. எண்ணம் நல்லதுதான். ஆனால் கோடும் புள்ளியும் இல்லாத 26 எழுத்துகளில் ஞ, ழ, ள, குறில், நெடில் எல்லாவற்றையும் அடைக்க முடியாது. பிரெஞ்சுக்காரரும் செக்காரரும் எழுத்தின் தலையில் கோடு போட்டது இந்தத் தவிப்பினால்தான்.

இது வெறும் ஊர்ப் பெயரோடு நிற்கிற விஷயமும் இல்லை. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டுக் கொடுத்துவிட்டு 2018-ல் மறைந்தார் நெல் ஜெயராமன். அந்த ரகங்களை இன்றைக்கு டெல்டா இளைஞர்கள் பாக்கெட் போட்டு ஆன்லைனில் விற்கிறார்கள். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், கருப்புக் கவுனி, கிச்சிலிச் சம்பா. பெங்களூரிலோ துபாயிலோ இருக்கும் ஒருவர் வெறும் ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘மேப்பிலை’ என்று படித்தால், மாப்பிள்ளைக்கு விருந்து வைத்த அரிசி என்ற கதையே அவருக்குப் போய்ச் சேராது. சொல்ல வராத பெயரை அவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லவும் மாட்டார். ஃபேன்ஸி ஸ்டோரில் அந்தப் பெண் விரல் நீட்டினாளே, அது போல அவரும் படத்தைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். அரிசி விற்கிறவர்கள், தயவுசெய்து தமிழ்ப் பெயரைப் பெரிதாகப் போடுங்கள். கீழே ஆங்கிலத்தில் அசை பிரித்து, நடுவில் சின்னக் கோடு வைத்து எழுதுங்கள். முடிந்தால் கியூ.ஆர். கோடில் பெயரை உச்சரித்துக் காட்டும் பத்து விநாடிக் குரல் பதிவு ஒன்று வையுங்கள். உங்கள் அம்மா குரலாக இருந்தால் இன்னும் நல்லது.

மனதில் வைக்க நாலே விஷயம்

1. வலப்பக்கம் ஏறும் கோடு என்றால் ‘ஏ’. நெஸ்லே, கஃபே.

2. இரட்டைப் புள்ளி பிரெஞ்சில் வந்தால் பிரித்துப் படியுங்கள். ஜெர்மனில் வந்தால் உதட்டைக் கவனியுங்கள்.

3. ‘என்’ மேல் அலை என்றால் ‘ஞ’. தஞ்சாவூர்க்காரர்களுக்கு இது சொல்லித் தர வேண்டியதே இல்லை.

4. தெரியாவிட்டால் தெரிந்த மாதிரி சொல்லுங்கள். யாராவது திருத்தினால் ஒரு முறை திருப்பிச் சொல்லிப் பாருங்கள். அவ்வளவு போதும்.

நாலாவதுதான் முக்கியம். ‘கீஜ்வேலூர் பஸ் எங்கே நிற்கும்?’ என்று கேட்கும் வெளியூர்க்காரரைப் பார்த்து நாம் சிரிப்பதில்லை. ‘கீழ்வேளூருங்களா? அந்தப் பக்கம் நிக்கும், போங்க’ என்று வழி சொல்லி அனுப்புகிறோம். அந்த மரியாதையை ஷாம்பு வாங்க வந்த நம்ம வீட்டுப் பெண்ணுக்கும் கொடுக்கலாமே.

உங்கள் ஊர்ப் பெயரையோ உங்கள் பெயரையோ யாராவது கடித்துக் குதறியிருக்கிறார்களா? எப்படித் திருத்தினீர்கள்? எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் இன்னொரு பெயரோடு சந்திப்போம்.